அரசு கைவிட்ட பிறகு வளர்ந்த சபைகள்: அமெரிக்கக் கிறிஸ்தவம் பற்றி ஓர் எளிய விளக்கம்

டாலர் நோட்டின் பின்பக்கம் 'கடவுளை நம்புகிறோம்' என்று அச்சிட்டிருக்கும். அதிபராகப் பதவியேற்பவர்கள் பெரும்பாலும் பைபிள்மீது கை வைத்துத்தான் உறுதிமொழி எடுக்கிறார்கள். இந்த இரண்டையும் காட்டி, "அமெரிக்கா கிறிஸ்தவ நாடு, அரசாங்கமே அங்கே மதத்தை வளர்க்கிறது" என்று பலர் பேசுகிறார்கள். அதை மறுப்பவர்களோ, "அரசையும் மதத்தையும் பிரித்த நாடு அது, பொதுவாழ்வில் மதத்துக்கு அங்கே வேலையே இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நோட்டில் உள்ள வாசகத்தின் வயதைப் பார்த்தாலே முதல் வாதம் ஆட்டம் காணும். அது நாட்டின் அதிகாரபூர்வ வாசகமானது 1956-இல். காகித நோட்டில் ஏறியது 1957-இல். சோவியத் ஒன்றியத்தோடு பனிப்போர் நடந்த காலம். 'அவர்களுடையது கடவுள் இல்லை என்கிற அரசு, நாம் அப்படியல்ல' என்று காட்டிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. நாணயத்தில் உள்நாட்டுப் போரின்போதே, 1864-இல், இடம்பெற்றுவிட்டது. அதுவும் நாடு பிறந்து 88 வருடம் கழித்துத்தான். இரண்டாவது வாதமும் நிற்காது. அந்த நாட்டின் கல்லூரிகள், மருத்துவமனைகள், அடிமை ஒழிப்பு இயக்கம் என்று எதைத் தோண்டினாலும் அடியில் ஒரு சபையோ ஜெபக்குழுவோ இருக்கும்.

நான் இதைப் பழமைவாதப் பார்வையில் எழுதுகிறேன். நம்மூரில் இந்தச் சொல் பெரும்பாலும் வசையாகவே புழங்குவதால் என் பொருளைச் சொல்லிவிடுகிறேன். குடும்பம், சபை, ஊர்ச் சங்கம், தொழில் என்று தலைமுறைகள் சேர்ந்து கட்டியவற்றை அவசரப்பட்டு இடிக்கக்கூடாது, அவற்றின் வேலையை அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளவும் கூடாது என்று நினைப்பவர் பழமைவாதி. அப்படிப்பட்டவரின் கண்ணில் அமெரிக்க வரலாறு சொல்லும் மிக முக்கியமான செய்தி இதுதான்: அங்கே கிறிஸ்தவம் வலுப்பெற்றது அரசின் கையைப் பிடித்து நடந்ததால் அல்ல, அந்தக் கையை விட்டதால்.

ரசீதுப் புத்தகம் செய்யும் வேலை

இரண்டு கோவில்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு எண்ணெய், பூ, பூசாரி சம்பளம் எல்லாம் எங்கிருந்தோ மாதம் தவறாமல் வந்துவிடும். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் விளக்கு எரியும். இன்னொன்று தெருமுனைப் பிள்ளையார் கோவில். அதற்குத் தெருப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனால்தான் சதுர்த்தி நடக்கும்.

எது புனிதமானது என்பதல்ல கேள்வி. ரசீதுப் புத்தகம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கதவைத் தட்ட வைக்கிறது. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வைக்கிறது. ஐம்பது ரூபாய் கொடுத்தவர் கணக்குக் கேட்கிறார், கேட்டவரை அடுத்த வருடம் கமிட்டியில் சேர்த்துவிடுகிறார்கள். பணம் வசூலிக்கப் போனவர்கள் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு திரும்புகிறார்கள். அமெரிக்காவில் சபைகளின் கையில் இந்த ரசீதுப் புத்தகம் எப்படி வந்தது என்பதுதான் இனி வரும் கதை.

வரி வாங்கி நடத்திய சபை

பிரிட்டனின் காலனிகளாக இருந்தபோது பெரும்பாலான பகுதிகளில் அரசுச் சபை இருந்தது. அரசுச் சபை என்றால், சட்டம் அங்கீகரித்து, மக்களின் வரிப்பணத்தில் போதகருக்குச் சம்பளம் கொடுத்து நடத்தும் சபை. வர்ஜீனியாவில் அது இங்கிலாந்தின் அரசுச் சபையான ஆங்கிலிக்கன் சபை. மாசசூசெட்ஸ், கனெக்டிகட் போன்ற வடக்குப் பகுதிகளில் காங்கிரிகேஷனல் சபை, அதாவது ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன்னைத் தானே நிர்வகித்துக்கொள்ளும் புராட்டஸ்டண்ட் பிரிவு. நீங்கள் வேறு சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் இந்தப் போதகருக்கு வரி கட்ட வேண்டும்.

கட்டாவிட்டால் என்ன ஆகும்? கனெக்டிகட்டின் நார்விச் ஊரில் எலிசபெத் பாக்கஸ் என்ற விதவைத் தாய்க்கு நடந்ததைப் பார்க்கலாம். 1752 அக்டோபர் 15, மழை பெய்யும் இருட்டு இரவு, மணி ஒன்பது இருக்கும். வரி வசூலிப்பவர்கள் வீட்டுக்கு வந்து அவரைச் சிறைக்குக் கூட்டிப் போனார்கள். 13 நாள் உள்ளே இருந்தார். அவருடைய மகன்களில் ஒருவர் 20 நாள் இருந்தார். இன்னொரு மகன் ஐசக் பாக்கஸ், பின்னாளில் பாப்டிஸ்ட் போதகரானவர். குழந்தைகளுக்கு அல்லாமல், விசுவாசத்தை அறிக்கையிடுபவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் பிரிவினர் பாப்டிஸ்ட்கள். தாய் சிறையிலிருந்து வந்ததும் நடந்ததையெல்லாம் அவருக்குக் கடிதமாக எழுதினார். பிற்பாடு அமெரிக்காவில் மதச் சுதந்திரத்துக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவர்களில் ஐசக் முன்வரிசையில் நின்றார். மாசசூசெட்ஸின் ஸ்டர்பிரிட்ஜ் ஊரில் வரி கட்டாத பாப்டிஸ்ட்களின் வீடுகளிலிருந்து சட்டி, பானை, தட்டு முதற்கொண்டு ஜப்தி செய்தார்கள்.

சிறைக்குப் போனவர்களும் கிறிஸ்தவர்கள், அனுப்பியவர்களும் கிறிஸ்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். நாத்திகர் யாரும் இந்தக் கதையில் வரவில்லை. சபையை அரசிடமிருந்து பிரிக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தூக்கிச் சுமந்தவர்களில் பெரும்பகுதி பக்திமான்கள்.

வர்ஜீனியா 1786-இல் மதச் சுதந்திரச் சட்டம் கொண்டுவந்தது. எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன், சட்டமன்றத்தில் நிறைவேற்றிக் காட்டியவர் ஜேம்ஸ் மாடிசன், மனு மேல் மனு போட்டு நெருக்கடி கொடுத்தவர்களில் பாப்டிஸ்ட்கள் முக்கியமானவர்கள். 1791-இல் நாட்டின் அரசியலமைப்பில் முதல் திருத்தம் சேர்ந்தது. மத்தியில் இருக்கும் நாடாளுமன்றம் எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவக்கூடாது, யாருடைய வழிபாட்டையும் தடுக்கவும் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் அன்று அது மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்கள் விரும்பினால் பழையபடியே நடத்தலாம். கனெக்டிகட் 1818 வரையும் மாசசூசெட்ஸ் 1833 வரையும் அப்படித்தான் நடத்தின.

ஒரு பாலாடைக்கட்டியும் ஒரு மதிலும்

'அரசுக்கும் திருச்சபைக்கும் நடுவே பிரிவினை மதில்' என்ற சொற்றொடரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது அரசியலமைப்பில் இல்லை. ஜெஃபர்சன் அதிபராக இருந்தபோது 1802 ஜனவரி 1-ஆம் தேதி எழுதிய ஒரு கடிதத்தில் இருக்கிறது. கடிதம் யாருக்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கனெக்டிகட்டின் டான்பரி வட்டாரப் பாப்டிஸ்ட்களுக்கு. அந்த மாநிலத்தில் அவர்கள் சிறுபான்மை. தங்கள் மதச் சுதந்திரம் அரசு போடும் பிச்சையாக இருக்கிறதே ஒழிய உரிமையாக இல்லை என்று அதிபரிடம் முறையிட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெம்பூட்ட எழுதிய பதில் அது.

அதே ஜனவரி 1-ஆம் தேதி அதிபர் மாளிகைக்கு 1,235 பவுண்டு, அதாவது சுமார் 560 கிலோ, எடையுள்ள ஒரு பாலாடைக்கட்டி வந்து சேர்ந்தது. மாசசூசெட்ஸின் செஷயர் என்ற சிற்றூர் விவசாயிகள் தங்கள் மாடுகளின் பாலைச் சேர்த்துச் செய்தது. அடிமை ஒருவரின் உழைப்பும் இதில் இல்லை என்று சொல்லியே அனுப்பினார்கள். கொண்டுவந்தவர் ஜான் லீலண்ட், பாப்டிஸ்ட் போதகர், அரசுச் சபையைக் கடுமையாக எதிர்த்தவர். இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, நாடாளுமன்றக் கீழவையின் கூடத்தில் லீலண்ட் பிரசங்கம் செய்தார். முன்னே உட்கார்ந்து கேட்டவர்களில் ஜெஃபர்சனும் ஒருவர்.

மதில் என்று எழுதியவரே மூன்றாவது நாள் நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த ஆராதனைக்குப் போயிருக்கிறார். ஜெஃபர்சன் வழக்கமான பொருளில் விசுவாசியும் அல்லர், பைபிளின் அற்புதங்களை நம்பாதவர். அவரும் லீலண்டும் ஒன்றுசேர்ந்தது ஒரே ஓர் இடத்தில்தான். அரசின் வரி ரசீதிலிருந்து சபையை விடுவிக்க வேண்டும் என்ற இடம். பொதுவாழ்விலிருந்து மதத்தைத் துரத்தும் எண்ணம் அந்த உடன்படிக்கையில் இல்லை.

இதுவரை பார்த்தது: அரசுச் சபை என்பது வரிப்பணத்தில் நடந்த சபை. அதை ஒழிக்கச் சொன்னவர்களில் சிறுபான்மைக் கிறிஸ்தவர்களே முன்னால் நின்றார்கள். 1791-இல் மத்திய அரசுக்கும் 1833-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் அந்தக் கதவு மூடிவிட்டது.

பீச்சரின் துக்கமும் மனமாற்றமும்

மூடிய கதவைப் பார்த்து அழுதவர்களும் உண்டு. லைமன் பீச்சர் கனெக்டிகட்டின் புகழ்பெற்ற காங்கிரிகேஷனல் போதகர். அரசுச் சபை விழக்கூடாது என்று தீவிரமாகப் பிரசாரம் செய்தவர். தேர்தலில் அவர் ஆதரித்த பக்கம் தோற்ற மறுநாள், சமையலறையில் ஒரு கோரை நாற்காலியில், தலை தொங்கி, கைகள் இரண்டும் பக்கவாட்டில் விழுந்து கிடக்க அவர் உட்கார்ந்திருந்ததை அவர் பிள்ளை பதிவுசெய்திருக்கிறது. "என்ன யோசிக்கிறீர்கள் அப்பா?" என்று கேட்டதற்கு, "கடவுளின் திருச்சபையை" என்றாராம்.

சில வருடங்களில் அதே பீச்சர், கனெக்டிகட் மாநிலத்துக்கு நடந்தவற்றிலேயே மிக நல்லது அதுதான் என்று எழுதினார். அரசின் ஆதரவை நம்பியிருந்த சபைகளை அறுத்துவிட்டு, அவற்றைத் தங்கள் சொந்தக் காலிலும் கடவுளிடத்திலும் நிற்க வைத்தது என்றார். தோற்ற பக்கத்தின் தளபதியே வந்து சொன்ன சாட்சி என்பதால் இதை நான் மற்ற எல்லா வாதங்களையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

அவர் சொன்னதற்குக் கணக்கும் இருக்கிறது. ரோஜர் ஃபிங்க், ராட்னி ஸ்டார்க் என்ற இரண்டு சமூகவியலாளர்களின் மதிப்பீட்டின்படி, 1776-இல் அமெரிக்கர்களில் ஏதாவது ஒரு சபையைச் சேர்ந்தவர்கள் சுமார் 17 சதவீதம்தான். 1860-இல் அது 37 சதவீதம். காலனிக் காலம்தான் பக்தியின் பொற்காலம், அப்புறம் எல்லாம் தேய்ந்துபோனது என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்கள் தலைகீழாகத் தெரியும்.

யார் வளர்ந்தார்கள் என்பது இன்னும் முக்கியம். 1776-இல் சபை சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர் காங்கிரிகேஷனல். 1850-இல் அது 4 சதவீதமாகச் சுருங்கியது. இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய இயக்கத்தின் வழிவந்த மெதடிஸ்ட்கள் 1776-இல் வெறும் 2.5 சதவீதம். 1850-இல் 34 சதவீதம். காங்கிரிகேஷனல் போதகர் கல்லூரியில் படித்துவிட்டு ஓர் ஊரில் நிலையாக உட்கார்ந்தார், வரிப்பணத்தில் சம்பளம் வந்தது. மெதடிஸ்ட் ஊழியக்காரருக்குக் குதிரை கொடுத்து ஒரு வட்டாரத்தைக் காட்டிவிட்டார்கள். பாதை போடாத எல்லைப்புறக் குடியிருப்புகளுக்கெல்லாம் அவர் போனார். மழை, காய்ச்சல், ஆற்று வெள்ளம் எல்லாம் பட்டார். அவர்களுடைய தலைவர் பிரான்சிஸ் ஆஸ்பரி 1771-இல் இங்கிலாந்திலிருந்து வந்து 1816-இல் இறக்கும்வரை அலைந்துகொண்டே இருந்தார், சொந்த வீடு வைத்துக்கொள்ளவில்லை.

இந்தக் காலத்தில்தான் எழுப்புதல் பரவியது. தணிந்துபோன விசுவாசம் ஒரு வட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் பற்றிக்கொள்வதைக் கிறிஸ்தவர்கள் எழுப்புதல் என்பார்கள். 1801 ஆகஸ்டில் கென்டக்கியின் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் பல்லாயிரம் பேர் வண்டி கட்டிக்கொண்டு வந்து நாள்கணக்கில் தங்கிப் பிரசங்கம் கேட்டார்கள். எந்த அரசாணையும் அவர்களைக் கூட்டவில்லை.

காணிக்கை கட்டிய நிறுவனங்கள்

சபையைத் தாங்களே நடத்தப் பழகியவர்கள் அதோடு நிற்கவில்லை. தன்னார்வச் சங்கம் என்ற வடிவத்தைக் கையிலெடுத்தார்கள். ஒரே காரியத்துக்காக விருப்பமுள்ளவர்கள் சேர்ந்து, சந்தா கட்டி, பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, வருடாவருடம் கணக்குக் காட்டும் அமைப்பு அது. இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியும். அன்று அந்த அளவில் அது புதுசு.

1816-இல் அமெரிக்க வேதாகமச் சங்கம், 1825-இல் அமெரிக்கத் துண்டுப்பிரசுரச் சங்கம், 1826-இல் மதுவிலக்குச் சங்கம். வேதாகமச் சங்கம் 1829-இல் ஒரு முடிவெடுத்தது: நாட்டில் பைபிள் இல்லாத வீடே இருக்கக்கூடாது. மூன்றே வருடத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் பிரதிகள் அச்சிட்டார்கள். கையால் இழுக்கும் அச்சு எந்திரத்தால் ஆகிற காரியமா அது? வார்ப்புத் தகடு, நீராவி அச்சு எந்திரம், எந்திரத்தில் செய்த காகிதம் என்று அன்றைய புதுத் தொழில்நுட்பம் எல்லாவற்றையும் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். அமெரிக்காவில் பெருமளவு அச்சுத் தொழில் உருவானதில் இந்தப் பக்திச் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1831-இல் அங்கே வந்த பிரெஞ்சுக்காரர் அலெக்சிஸ் டோக்வில் இதைக் கண்டு வியந்துபோனார். அவர் நாட்டில் மதமும் சுதந்திரமும் எதிரெதிர் முகாம்களில் இருந்தன. இங்கே இரண்டும் கைகோத்து நடந்தன. ஏன் என்று கத்தோலிக்கக் குருக்கள் உட்படப் பலரிடம் விசாரித்தார். அரசும் திருச்சபையும் பிரிந்திருப்பதுதான் காரணம் என்று ஒருவர் விடாமல் சொன்னதாக எழுதியிருக்கிறார்.

பழமைவாதிகள் இங்கே ஒரு சொல்லைப் பயன்படுத்துவார்கள்: இடைநிலை அமைப்புகள். தனிமனிதனுக்கும் அரசுக்கும் நடுவே நின்று இரண்டு பேரையும் காப்பாற்றும் குடும்பம், சபை, சங்கம், பள்ளி இவையெல்லாம். இவை மெலிந்தால் தனிமனிதன் தனியாகிவிடுவான், அந்த வெற்றிடத்தை அரசு நிரப்பும் என்பது அவர்கள் கவலை. எனக்கும் அதே கவலைதான்.

இந்தச் சங்கங்களின் காசு தமிழ் மண்ணுக்கும் வந்தது. 1810-இல் மாசசூசெட்ஸில் உருவான அயல்நாட்டு ஊழியச் சங்கம் 1816-இல் யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கியது. 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரி, அடுத்த வருடம் உடுவிலில் பெண்கள் பள்ளி, 1834-இல் மதுரை மிஷன். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையில் படித்தவர். மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். இதற்கெல்லாம் அமெரிக்க அரசின் மானியம் எதுவும் அடித்தளமாக இல்லை. நியூ இங்கிலாந்துச் சபைகளின் காணிக்கைப் பெட்டியில் விழுந்த சில்லறைதான் அடித்தளம்.

இதுவரை பார்த்தது: வரி நின்றதும் சபைகள் மக்களைத் தேடிப் போயின. தேடிப் போனவை பெருகின, உட்கார்ந்திருந்தவை சுருங்கின. சபையை நடத்தப் பழகிய கைகள் சங்கங்களையும் நடத்தின.

பட்டறைக்குள் வந்த பக்தி

தொழில் இதில் எங்கே வருகிறது? 'பக்தியாக இருந்தால் கடவுள் பணக்காரனாக்குவார்' என்று கிறிஸ்தவர்கள் நம்பியதால் அமெரிக்கா செழித்தது என்று சிலர் விளக்குவார்கள். அந்த உபதேசம் இன்று தொலைக்காட்சிப் பிரசங்கங்களில் கேட்கலாம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் பக்தியும் தொழிலும் இணைந்த விதம் வேறு. இரண்டு வழிகளில் இணைந்தன: ஒழுங்கு, நம்பகம்.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்தை எடுத்துக்கொள்வோம். 1825-இல் ஈரி கால்வாய் முழுதாகத் திறந்ததும் மாவு ஆலைகள் வரிசையாக எழுந்து, ஊர் கிடுகிடுவென்று வளர்ந்தது. வேலைக்கு வந்த இளைஞர்கள் வீட்டைவிட்டு, ஊரைவிட்டு வந்தவர்கள். குடி தலைவிரித்தாடியது. அன்று பல பட்டறைகளில் வேலைநேரத்தில் முதலாளியே சாராயம் ஊற்றிக்கொடுப்பது வழக்கம். 1830 வாக்கில் 15 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர் ஒருவர் வருடத்துக்குச் சராசரியாக 7 கேலன், அதாவது 26 லிட்டருக்கு மேல், சுத்த ஆல்கஹால் குடித்தார் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. தண்ணீர்ச் சக்கரமும் பல்சக்கரமும் சுழலும் ஆலையில் போதையோடு நிற்பவனுக்கு விரல் போகும், சில நேரம் உயிரும் போகும்.

அந்த ஊருக்கு 1830 செப்டம்பரில் சார்லஸ் ஃபின்னி என்ற பிரசங்கியார் வந்து ஆறு மாதம் தங்கினார். வக்கீலாக இருந்து போதகரானவர். நீதிமன்றத்தில் வாதாடுவதுபோல் பேசுவார், முன்வரிசைக்கு வந்து முடிவு சொல் என்பார். கடைக்காரர்கள், ஆலை முதலாளிகள், வக்கீல்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக மனந்திரும்பினார்கள். மதுக் கடைக்காரர் சிலர் பீப்பாய்களைத் தெருவில் உடைத்து ஊற்றினார்கள். முதலாளிகள் தொழிலாளரைக் கட்டுப்படுத்த இதை ஒரு கருவியாக்கிக்கொண்டார்கள் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சம்பளம் சாராயக் கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தபோது முதலில் மூச்சு விட்டவள் தொழிலாளியின் மனைவி. 1845 வாக்கில் அந்த 7 கேலன் 2 கேலனுக்கும் கீழே இறங்கியிருந்தது. அதுவரை நாடு தழுவிய மதுவிலக்குச் சட்டம் எதுவும் கிடையாது.

நம்பகத்துக்கு வருவோம். ஊர்விட்டு ஊர் போகும் மக்கள், முன்பின் தெரியாதவர்களோடு வியாபாரம். யாருக்குக் கடன் கொடுப்பது? 1904-இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் ரயிலில் ஒரு விற்பனையாளரைச் சந்தித்தார். கல்லறைக் கற்களில் பதிக்கும் இரும்பு எழுத்துகள் விற்பவர். யார் எதை நம்பினாலும் தனக்குக் கவலையில்லை, ஆனால் எந்தச் சபையிலும் சேராத வாடிக்கையாளனுக்கு ஐம்பது சென்ட்கூடக் கடன் தரமாட்டேன் என்றாராம் அவர். அதேபோல ஒரு ஜெர்மன் மருத்துவர் வேபரிடம் சொன்னது: சோதனைக்குப் படுத்த முதல் நோயாளி, "நான் இன்ன தெரு பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவன்" என்றான். மூக்கு வலிக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம் என்று மருத்துவருக்குப் புரியவில்லை. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது: உங்கள் கட்டணம் வந்துவிடும், பயப்படாதீர்கள் என்பதற்கு அது உத்தரவாதம்.

பிறப்பால் வந்த சபையாக இருந்தால் இந்த உத்தரவாதம் செல்லாது. எல்லோரும் உறுப்பினர் என்றால் உறுப்பினராக இருப்பதற்கு மதிப்பில்லை. விசாரித்துச் சேர்க்கும் சபை, தவறு செய்தால் நீக்கும் சபை என்பதால்தான் அந்தப் பெயர் சந்தையில் செல்லுபடியானது. அரசு கைவிட்டதும் தொழில் வளர்ந்ததும் சந்திக்கும் முடிச்சு இதுவே.

இதே தேவையைத் தொழிலாகவே ஆக்கியவர் லூயிஸ் டாப்பன். இவரும் அண்ணன் ஆர்தரும் நியூயார்க்கில் பட்டு வியாபாரிகள், கடும் பக்திமான்கள், அடிமை ஒழிப்பு இயக்கத்துக்குப் பணத்தை வாரி இறைத்தவர்கள். அதற்காக 1834-இல் கலவரக்காரர்கள் லூயிஸின் வீட்டைச் சூறையாடினார்கள். 1841-இல் லூயிஸ் ஒரு நிறுவனம் தொடங்கினார். எந்த வியாபாரி கடனைத் திருப்புவார், எவர் குடிக்கிறார், எவர் சொன்ன சொல் தவறுபவர் என்று ஊர் ஊராகத் தகவல் சேகரித்துச் சந்தாதாரர்களுக்குத் தரும் நிறுவனம். இன்றைய டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் அதன் வழிவந்ததுதான்.

அப்புறம் ஜான் ராக்பெல்லர். 1855-இல், 16 வயதில், கிளீவ்லாந்தில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தபோது ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதத் தொடங்கினார். தங்குமிட வாடகைக்கும் துணிக்கும் பக்கத்திலேயே ஞாயிறு பள்ளிக்கும் மிஷனுக்கும் கொடுத்த சென்ட் கணக்கும் இருக்கும். 20 வயதில், ஒரு கறுப்பின மனிதர் தன் மனைவியை அடிமைத்தனத்திலிருந்து மீட்கப் பணம் கொடுத்திருக்கிறார். பெரும் எண்ணெய் முதலாளி ஆவதற்குப் பல வருடம் முன்பு. பணம் வந்த பிறகு கொடுக்கக் கற்றவர் அல்லர். கொடுக்கும் பழக்கம்தான் அவரிடம் முதலில் வந்தது.

வேலூரையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷனரியின் மகளான ஐடா ஸ்கடர் 1900-இல் மருத்துவராகத் திரும்பி வந்தபோது கையில் இருந்தது நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் கொடுத்த 10,000 டாலர். இறந்துபோன மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகக் கொடுத்தது. அந்தப் பெயரிலேயே 1902-இல் பெண்களுக்கான மருத்துவமனை திறந்தார்கள். இன்றைய சிஎம்சி அதிலிருந்து வளர்ந்தது.

காணிக்கை கொடுப்பவனை யார் கண்டிப்பது?

இந்த அமைப்புக்கு ஒரு கொடிய பலவீனம் உண்டு. என் பக்கத்தவர்கள் இதை வேகமாகக் கடந்துபோவது எனக்குப் பிடிப்பதில்லை. மக்களின் காணிக்கையில் வாழும் சபை அந்த மக்களின் பாவத்தை எப்படிக் கண்டிக்கும்?

1784-இல் மெதடிஸ்ட்கள் மாநாடு கூடி, சபையார் தங்கள் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். தெற்கத்திச் சபையார் கொதித்தார்கள். ஆறே மாதத்தில் விதியை நிறுத்திவைத்தார்கள். ஆட்களையும் காணிக்கையையும் இழக்கும் பயம். அடுத்த அறுபது வருடத்தில் தெற்கின் போதகர்கள் பலர் அடிமைமுறைக்கு பைபிளிலிருந்தே நியாயம் சொல்லப் பழகிவிட்டார்கள். 1844-இல் மெதடிஸ்ட் சபையும் 1845-இல் பாப்டிஸ்ட்களும் இதே கேள்வியில் வடக்கு தெற்காகப் பிளந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே பைபிளை வாசித்து ஒரே கடவுளிடம் ஜெபிக்கிறது என்று லிங்கன் 1865-இல் சொன்னது வெறும் அலங்காரப் பேச்சல்ல.

ஆனால் அடிமைப்பட்டவர்கள் கையிலும் அதே ரசீதுப் புத்தகம் கிடைத்தது. ரிச்சர்ட் ஆலன் அடிமையாகப் பிறந்தவர், உழைத்துத் தன் விடுதலையை விலைக்கு வாங்கியவர். பிலடெல்பியாவில் புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழில் நடத்தினார். வெள்ளையர் சபையில் தன் மக்களை அவமதித்ததால் வெளியே வந்து, ஒரு பழைய கொல்லன் பட்டறையை வாங்கி, குதிரைகளைப் பூட்டி இழுத்துவந்து தன் மனையில் நிறுத்தி அதை ஆலயமாக்கினார். 1794-இல் பெத்தேல் சபை பிறந்தது. 1816-இல் அது ஒரு முழுச் சபைப்பிரிவாக, ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையாக, தனித்து நின்றது. அரசுச் சபை என்ற ஒன்று இருந்திருந்தால் ஆலனுக்கு அனுமதி கிடைத்திருக்காது.

தொழில் பக்கமும் கறை உண்டு. 1914 ஏப்ரல் 20, கொலராடோவின் லட்லோ. வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாமை மாநிலப் படையினர் தாக்கித் தீ வைத்தார்கள். கூடாரத்துக்குக் கீழே தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். சுரங்கங்களை நடத்திய முக்கிய நிறுவனத்தின் கட்டுப்பாடு ராக்பெல்லர் குடும்பத்திடம் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் ஒழுங்காக எழுதிய தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, அந்தக் குழியை மூடிவிடாது.

இன்று நடக்கும் சண்டை

கேலப் கருத்துக்கணிப்பின்படி 2020-இல் ஏதாவது ஒரு வழிபாட்டிடத்தில் உறுப்பினராக இருக்கும் அமெரிக்கர்கள் 47 சதவீதம். அந்த நிறுவனம் கேட்கத் தொடங்கிய எண்பது வருடத்தில் பாதிக்குக் கீழே போனது அதுவே முதல்முறை. பயந்துபோன பழமைவாதிகள் சிலர் அரசின் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். லூசியானா மாநிலம் 2024-இல் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது.

ஓக்லஹோமாவில் நடந்தது இன்னும் தெளிவான சோதனை. செயின்ட் இசிடோர் என்ற கத்தோலிக்கப் பள்ளி முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளியாக அனுமதி கேட்டது. குடியரசுக் கட்சி ஆளுநர் கெவின் ஸ்டிட் ஆதரித்தார். அதே கட்சியைச் சேர்ந்த மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஜென்ட்னர் டிரம்மண்ட் எதிர்த்து வழக்குப் போட்டார். இன்று ஒரு மதத்தின் பள்ளிக்குக் கொடுத்தால் நாளை எந்த மதத்தின் பள்ளிக்கும் வரிப்பணத்தில் கொடுக்க வேண்டிவரும், அது மதச் சுதந்திரத்துக்கே கேடு என்பது அவர் வாதம். மாநில உச்ச நீதிமன்றம் பள்ளிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி விலகிக்கொள்ள, 2025 மே 22-ஆம் தேதி மற்றவர்கள் நாலுக்கு நாலு என்று பிரிந்தார்கள். அதனால் மாநிலத் தீர்ப்பே நின்றது, பள்ளிக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. ஆனால் சமநிலையில் முடிந்த வழக்கு நாடு முழுமைக்கும் முன்னுதாரணம் ஆகாது. அடுத்த முறை ஒன்பது பேரும் உட்காரும்போது இதே கேள்வி திரும்ப வரலாம். வந்தால், நான் டிரம்மண்ட் பக்கம்தான் நிற்பேன்.